உரம் கடைசியில்: புதிதாகப் பாத்தி போடுகிறவர்களுக்கு

தோட்டம் போடலாம் என்று இறங்கியதும் பலர் முதலில் வாங்குவது உர மூட்டையைத்தான். கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. முதல் பருவத்தில் பல பாத்திகளுக்கு அது தேவைப்படுவதே இல்லை. புதிய தோட்டத்தில் செடி நோஞ்சானாக நிற்கிறதென்றால், சத்து இல்லாததைவிட நீர் வடியாததும் வேருக்குக் காற்று கிடைக்காததும்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். காற்றில்லாத மண்ணில் உரத்தைக் கொட்டினால் வேரால் அதை எடுக்க முடியாது.

ஆகவே வரிசை இப்படி: வடிகால், மண்ணின் வகை, பாத்தி, மட்கு (கம்போஸ்ட்), உரம். கணக்குப் பார்க்க வசதியாக 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். கீழே வரும் அளவுகளில் தனியாகச் சொல்லாதவை எல்லாம் இந்தப் பாத்திக்கானவை.

இடமும் வடிகாலும்

காய்கறிக்கும் பெரும்பாலான பூச்செடிகளுக்கும் ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரை வகைகள் 4 மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். பெரிய மரத்தின் அருகே பாத்தி போடாதீர்கள். அதன் வேர் கிளைவிரிப்பைத் தாண்டியும் ஓடும். நீங்கள் ஊற்றும் தண்ணீரிலும் போடும் சத்திலும் பாதி மரத்துக்கே போய்ச் சேரும்.

இடம் முடிவானதும் ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீரால் நிரப்புங்கள். அது முழுதும் வடிந்தபின் மறுபடியும் நிரப்பி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு மணி நேரம் பாருங்கள். முதல் முறை ஊற்றிய நீரைக் காய்ந்த மண் உறிஞ்சிவிடும் என்பதால் இரண்டாவது அளவைத்தான் நம்ப வேண்டும். மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. இறங்கினால் நல்ல வடிகால். அதற்குக் குறைவாக இறங்கினால் மேட்டுப்பாத்தி கட்டாயம். 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் தண்ணீரும் சத்தும் நிற்காமல் ஓடிவிடும் மணல் மண். அங்கே மட்கைத் தாராளமாகப் போட வேண்டும், உரத்தைச் சிறுகச் சிறுகத்தான் தர வேண்டும்.

தோண்டும்போது ஓர் அடிக்குள்ளாகவே மண்வெட்டி இறங்காமல் 'டங்' என்று தெறித்தால், அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது. வண்டி ஓடிய இடம், கட்டட வேலை நடந்த இடம் என்றால் இது சகஜம். கடப்பாரையால் அதை உடைக்காமல் மேலே என்ன செய்தாலும் தொட்டிக்குள் நட்டது போல வேர் அந்த அடுக்கோடு நின்றுவிடும்.

மண் என்ன மண்

நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் எடுங்கள். கல்லும் வேரும் நீக்கியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு நீர் சேர்த்து, கட்டிகள் கரையும்வரை 5 நிமிடமாவது குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அந்த உயரத்தைப் புட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். களி படிய ஒரு நாள், சில மண்ணில் இரண்டு நாள்கூட ஆகும். மொத்தப் படிவின் உயரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். மணல் 40, வண்டல் 40, களி 20 என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல மண். களி 40-ஐத் தாண்டினால் அதைக் களிமண் என்றே நடத்த வேண்டும்.

களிமண்ணைப் பார்த்ததும் மணல் கொட்டலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். மணல் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் களி அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். மணலால் மண்ணின் குணம் மாற வேண்டுமென்றால் மொத்தத்தில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அத்தனை மணலை யாரும் சுமக்க மாட்டார்கள். களிமண்ணுக்கும் மணல் மண்ணுக்கும் மருந்து ஒன்றேதான்: மட்கு. களியில் அது துகள்களைக் குருணையாகச் சேர்த்துக் காற்றுக்கு வழிவிடுகிறது, மணலில் நீரைப் பிடித்துவைக்கிறது.

அடுத்து பிஎச், அதாவது மண்ணின் கார அமில நிலை. 6.0 முதல் 7.0 வரை இருந்தால் பெரும்பாலான பயிருக்கும் பூவுக்கும் சரி. 7.5-ஐத் தாண்டினால் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு மூன்றும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. 5.5-க்குக் கீழே போனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்துவிடும். கரையும் அலுமினியம் வேர் நுனியைக் கெடுக்கும். குத்திப் பார்க்கும் மலிவான இருமுனைக் கருவிகளை நம்ப வேண்டாம். ஈரம் மாறினால் அவை காட்டும் எண்ணும் மாறும். மண் பரிசோதனைக்கூடத்தில் கொடுப்பதே உருப்படியான வழி. பிஎச்சுடன் உப்பின் அளவு, மணிச்சத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே இடத்தில் ஒரு கை மண் அள்ளிக் கொடுத்தால் அது அந்த ஒரு கை மண்ணின் முடிவு மட்டுமே. மேலே கிடக்கும் சருகை விலக்கி, 6 முதல் 8 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுங்கள். துருப்பிடித்த வாளியோ, உர மூட்டையாக இருந்த பையோ வேண்டாம், முடிவைக் கெடுத்துவிடும்.

முடிவு வருவதற்குள் ஒன்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம். காய்ந்த மண் ஒரு தேக்கரண்டி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு தனியாக இருக்கிறது. அந்த மண்ணின் காரத்தைக் குறைக்க முயல்வது வீண் செலவு என்பது அப்போதே தெரிந்துவிடும்.

களை

கோரையும் அறுகும் இருக்கும் நிலத்தை எடுத்த எடுப்பில் கொத்தாதீர்கள். அறுகின் தண்டு எத்தனை துண்டானாலும் கணுவுள்ள ஒவ்வொரு துண்டும் முளைக்கும். கோரையின் கிழங்குகள் சங்கிலிபோல் கோத்திருக்கும். அறுத்துவிட்டால் தூங்கிக்கொண்டிருந்ததும் எழுந்துகொள்ளும். முள்கொத்தால் மண்ணைத் தளர்த்தி, கிழங்கோடும் வேரோடும் கையால் பொறுக்குவதுதான் வேலை. பொறுக்கியதை மட்குக் குவியலில் போடாமல் வெயிலில் கருகக் காயவிடுங்கள். அவசரம் இல்லையென்றால், கடும் வெயில் காலத்தில் நிலத்தை நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரங்களில் மண் போட்டு 4 முதல் 6 வாரம் விடலாம். விதைக் களையும் மண்ணிலுள்ள பல நோய்க்கிருமிகளும் வெந்துபோகும். கோரைக்கிழங்கு ஆழத்தில் இருந்தால் இதற்கும் தப்பிவிடும்.

பாத்தி எடுத்தல்

முதலில் ஈரப் பதம். ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டுங்கள். உருண்டை உதிர்ந்தால் கொத்தலாம். நசுங்கி ஒட்டினால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். உருட்டவே வரவில்லையென்றால் முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரக் களிமண்ணை ஒரே ஒரு முறை மிதித்துக் கொத்தினாலும் அந்தப் பருவம் முழுவதும் கட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அகலம் 4 அடிக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்காமல் எல்லா வேலையும் முடிய வேண்டும். சுவரோரப் பாத்தி என்றால் 2 அடி போதும். நடைபாதை ஒன்றரை அடி. தள்ளுவண்டி போக வேண்டுமென்றால் 2 அடிக்கு மேல்.

வெட்டும் முறை இது. பாத்தியின் ஒரு முனையில் ஓர் அடி அகலத்துக்கு மேல்மண்ணை ஒரு மண்வெட்டி ஆழம் எடுத்து, மறுமுனைக்குக் கொண்டுபோய்க் குவியுங்கள். திறந்த அந்தக் குழியின் அடிமண்ணை முள்கொத்தாலோ கடப்பாரையாலோ இன்னொரு 20 செ.மீ. தளர்த்துங்கள், வெளியே எடுக்க வேண்டாம். பிறகு அடுத்த ஓர் அடியின் மேல்மண்ணை வெட்டி இந்தக் குழிக்குள் தள்ளுங்கள். இப்படியே போய், கடைசிக் குழியை முதலில் குவித்த மண்ணால் மூடுங்கள். மேல்மண் மேலேயே இருப்பதுதான் இதில் சூட்சுமம். வெளிறிய அடிமண்ணை மேலே கொண்டுவந்துவிட்டால் உயிரும் சத்தும் இல்லாத மண்ணில் விதைப்பதாகிவிடும். இந்த ஆழ வெட்டு முதல் முறைக்கு மட்டும். ஆண்டுதோறும் செய்தால் மண்ணின் குருணையும் மண்புழுவின் வழித்தடங்களும் அழிந்துபோகும்.

எல்லோருக்கும் மேட்டுப்பாத்திதான் என்பதில்லை. நீர் தேங்கும் இடத்துக்கும் களிமண்ணுக்கும் 15 முதல் 30 செ.மீ. மேடு நல்லது. மழை குறைந்த, மணல் பாங்கான இடத்தில் மேடு கட்டினால் அது சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே தரைமட்டமாகவோ, விரல் நீளம் தாழ்வாகவோ அமைத்து ஓரத்தில் வரப்பு கட்டுவதுதான் சரி. புதிதாக மண் நிரப்பிய பாத்தி முதல் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும்படி அமிழும்; கொஞ்சம் உயர்த்தியே நிரப்புங்கள்.

மட்கு: செலவழிக்க வேண்டியது இங்கேதான்

புதிய பாத்திக்கு 5 செ.மீ. கனத்தில் மட்கு பரப்ப வேண்டும். நம் பாத்திக்கு அது 150 லிட்டர், 15 லிட்டர் வாளியில் 10 வாளி. பரப்பியபின் மேல் 15 முதல் 20 செ.மீ. மண்ணோடு கலந்தால் போதும். சத்தை உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. நன்கு மட்கிய தொழுவுரம், இலைமட்கு, வீட்டுக் கழிவு மட்கு எதுவானாலும் சரி. மண்புழு உரம் மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை, ஒரு செ.மீ. போதும். ஆனால் மண்ணை இலகுவாக்கும் வேலையை அந்த ஒரு செ.மீ. முழுமையாகச் செய்யாது.

மட்கு முதிர்ந்ததா என்று பார்க்காமல் போடுவதுதான் அடுத்து நேரும் பெரிய பிழை. முதிர்ந்த மட்கில் மழை நனைத்த மண்ணின் வாசம் இருக்கும், தொட்டால் சூடு இருக்காது, போட்ட பொருள் எது என்று அடையாளம் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் அம்மோனியாவோ அழுகலோ மூக்கைத் துளைத்தால் அது இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. வேரையும் வேகவைக்கும்.

மரத்தூள், வைக்கோல், பச்சையான சருகு ஆகியவற்றை மண்ணுக்குள் புதைத்தால் நேர்வது வேறு. அவற்றில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் குறையும் தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் செடி மொத்தமும் வெளிறிவிடும். இவற்றின் இடம் மண்ணுக்கு மேலே, மூடாக்காக. தென்னை நார்க்கழிவும் கலக்கும்முன் கவனிக்க வேண்டியதுதான். அதில் உப்பு அதிகம் இருக்கக்கூடும், நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது அலசிப் பிழிய வேண்டும்.

பச்சைச் சாணமும் கோழி எருவும் நேரடியாக வேண்டாம். கோழி எருவில் தழைச்சத்து மிகுதி, இலை கருகும். அதோடு, மட்காத எருவில் குடலைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கும். வேறு வழியே இல்லாமல் போட்டுவிட்டால், மண்ணைத் தொட்டு விளையும் கீரை, கேரட் போன்றவற்றை 120 நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். மண்ணில் படாமல் காய்ப்பவற்றுக்கு 90 நாள்.

வெளியிலிருந்து வாங்கும் எருவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. புல்வெளிக்கு அடிக்கும் அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றிலும் மட்குக் குவியலிலும் அழிவதில்லை. எருவோடு வந்து தக்காளி, அவரை இனங்களைச் சுருட்டிவிடும். சோதிப்பது எளிது. பாதி எரு, பாதி மண் கலந்த தொட்டி ஒன்று, வெறும் மண் தொட்டி ஒன்று. இரண்டிலும் பீன்ஸ் விதை நான்கு நான்கு போடுங்கள். மூன்று வாரத்தில் எருத் தொட்டியில் மட்டும் தளிர் கிண்ணம்போல் குவிந்து முறுக்கிக்கொண்டால் அந்த எருவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அமிலமும் காரமும்

பரிசோதனை சொல்லாமல் சுண்ணாம்பு போடக் கூடாது. பிஎச் 5.5 அளவில் இருந்தால் அதை ஒரு புள்ளி உயர்த்த, அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் சதுர மீட்டருக்கு மணல் மண்ணில் சுமார் 200 கிராம், களியில் 400 கிராம் வரை வேண்டியிருக்கும். மெக்னீசியமும் குறைவு என்றால் அதே அளவு டோலமைட். குறைக்க வேண்டுமென்றால் கந்தகத்தூள்: மணலில் சதுர மீட்டருக்கு 50 கிராம், களியில் அதன் இரு மடங்குக்கு மேல். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணிலுள்ள பாக்டீரியா. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தாலே அதற்குச் சில மாதம் பிடிக்கும். அடுத்த வாரமே அளந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை போடுவது செடிக்கு ஆபத்து. வினிகரில் பொங்கிய மண்ணாக இருந்தால் கந்தகத்தை மறந்துவிட்டு, அந்த மண்ணுக்கு ஒத்துவரும் செடிகளைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிப்சம் பிஎச்சை அவ்வளவாக மாற்றாது. சோடியம் மிகுந்து இறுகிய உவர் களிமண்ணை அது இளக்கும். சாதாரணக் களிமண்ணில் கொட்டினால் காசுதான் நஷ்டம். அடுப்புச் சாம்பலைப் பலரும் தாராளமாகத் தூவுகிறார்கள். சாம்பல் சத்து உண்டுதான், ஆனால் அது மண்ணின் காரத்தை உயர்த்தும். ஏற்கெனவே 7-க்கு மேல் இருக்கும் மண்ணில் ஒரு பிடிகூட வேண்டாம்.

இப்போது உரம்

மூட்டையில் இருக்கும் மூன்று எண்கள் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து விழுக்காடுகள். 46-0-0 என்றால் யூரியா: 100 கிராமில் 46 கிராம் தழைச்சத்து.

காய்க்கும் காய்கறிக்கு ஒரு பருவத்தில் சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிராம் தழைச்சத்து தேவை. பாத்திக்கு 30 முதல் 45 கிராம். நாம் போட்ட 150 லிட்டர் மட்கு ஏறக்குறைய 80 கிலோ. ஈரம் பாதி போனால் 40 கிலோ. ஒரு விழுக்காடு தழைச்சத்து என்று வைத்தாலும் 400 கிராம். அதில் பத்தில் ஒரு பங்குதான் முதல் பருவத்தில் வேருக்குக் கிடைக்கும் என்றாலும் 40 கிராம் ஆகிறது. அதாவது தேவை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முதல் பருவத்தில் உரம் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இதுதான். இலை வெளிறினால் மட்டும் யோசியுங்கள்.

அடுத்த பருவத்தில் மட்கு ஒரு செ.மீ. மட்டும் போடுகிறபோது 10, 15 கிராம் குறையலாம். அதற்கு யூரியா என்றால் மொத்தமே 22 முதல் 33 கிராம். நட்ட 3 வாரத்தில் பாதி, பூவெடுக்கும்போது பாதி. ஒரு தவணைக்கு மூன்று, நான்கு தேக்கரண்டிதான் வரும். அதை மொத்தப் பாத்திக்கும் பிரித்துப் போட வேண்டும். கையளவாக அள்ளி வீசுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம். தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி வளையமாகக் கீறி, போட்டு, மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். மேலேயே விட்டால் வெயிலில் அம்மோனியாவாகப் பறந்துவிடும். பிண்ணாக்கு விரும்புகிறவர்கள் வேப்பம் பிண்ணாக்கைச் சதுர மீட்டருக்கு 100 கிராம், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிடலாம்.

மணிச்சத்து மண்ணில் நகராது. குறைவு என்று பரிசோதனை சொன்னால் மட்டும் சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக, வேர் ஓடும் ஆழத்தில் கலக்க வேண்டும். பாத்திக்கு 90 கிராம் போதும். மேலே தூவிப் பயனில்லை. சாம்பல் சத்துக்கான பொட்டாஷை அடியுரமாகப் பாதி, காய் பிடிக்கும்போது பாதி என்று பிரிக்கலாம்.

அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு போன்றவற்றுக்குத் தழைச்சத்து தனியாக வேண்டாம். கொடுத்தால் வேர்முடிச்சு போடாமல் சோம்பேறியாகிவிடும். கேரட், முள்ளங்கிப் பாத்தியில் புதிய எரு இருந்தால் கிழங்கு கவட்டையாகப் பிரியும்.

பூக்களுக்கு

பூவுக்குச் சத்தை அள்ளிக்கொடுத்தால் இலைதான் கிடைக்கும். காஸ்மாஸ், நாஸ்டர்ஷியம் போன்றவை மெலிந்த மண்ணில்தான் நன்றாகப் பூக்கும், 2 செ.மீ. மட்கு போதும், உரம் அறவே வேண்டாம். சாமந்தி, ஜினியா நடுத்தரம். ரோஜா பெருந்தீனி, 5 செ.மீ. மட்கும், ஒவ்வொரு கவாத்துக்குப் பின்னும் மேலுரமும் கேட்கும். கிழங்கிலிருந்து வரும் பூக்களுக்குச் சத்தைவிட வடிகால் முக்கியம்; அவற்றில் பெரும்பாலானவை தேங்கிய ஈரத்தில் ஒரு வாரத்தில் அழுகிவிடும்.

இலையைப் படிப்பது

எந்த இலை முதலில் மாறுகிறது என்று பாருங்கள். தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் காட்டிக்கொடுக்கும்: முழுதும் மஞ்சளானால் தழைச்சத்து, ஓரம் கருகினால் சாம்பல் சத்து, நரம்பு பச்சையாக இருந்து நடுப்பகுதி வெளுத்தால் மெக்னீசியம். அதே நரம்புப் பச்சை தளிரில் தெரிந்தால் அது இரும்பு, இரும்பு நகராது. கார மண்ணில் இரும்பு கொடுக்க, இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மங்களில் இடிடிஏ (EDTA) வகை உதவாது. இடிடிஎச்ஏ (EDDHA) வகை தாக்குப்பிடிக்கும். தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். பெரும்பாலும் மண்ணில் அது இருக்கும். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நனையும் பாசனம்தான் காயைப் போய்ச் சேராமல் தடுக்கிறது.

நட்ட பிறகும், பருவம் முடிந்ததும்

நாற்று 15 செ.மீ. வளர்ந்ததும் சருகோ வைக்கோலோ 5 முதல் 8 செ.மீ. மூடாக்குப் போடுங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடாவிட்டால் தண்டு அழுகும். அறுவடை முடிந்த செடியை நோய் இல்லையென்றால் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடலாம். வேர் உள்ளேயே மட்கி வழிவிடும். பாத்தி இரண்டு மாதத்துக்கு மேல் காலியாக இருக்கப்போகிறது என்றால் பசுந்தாள் உரமாகச் சணப்போ தக்கைப்பூண்டோ பாத்திக்கு 15 கிராம் விதைத்து, பூவெடுக்கும்போது, சுமார் 45 நாளில், வெட்டிப் புதைத்து, 2 முதல் 3 வாரம் பொறுத்து அடுத்த நடவைச் செய்யலாம்.

பரிசோதனையை 3 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். ஆண்டுதோறும் எருவை அள்ளிப் போடும் பாத்தியில் மணிச்சத்து ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் துத்தநாகத்தையும் இரும்பையும் வேர் எடுக்கவிடாது. அந்த நிலைக்கு வந்த பாத்திக்கு இரண்டு மூன்று ஆண்டு எருவை நிறுத்தி, பசுந்தாளும் மூடாக்கும் மட்டும் கொடுத்தால் போதும்.